குறிப்புக் கட்டம்

"முப்பத்தொண்ணாம் நம்பர் வீடு. கதவைத் தொறந்தவங்க கை முழுக்க சோப்பு நுரை. நுரை காயற வரைக்கும் நின்னு பேசினாங்க" என்று வேன்காரர் படித்தார்.

பல்லக்காவின் விரல்கள் அப்படியே நின்றன. "இதையுமா அடிக்கணும்?"

அவர் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார், பிறகு தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "எழுதியிருக்கேனே" என்றார், வேறு யாரோ எழுதி வைத்துவிட்டுப் போனதைப் போல.

அவள் அடித்தாள். சோப்பு நுரை என்ற வார்த்தைகள் கணினித் திரையின் கடைசிக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டன.

மூடிப்போன மரச்சாமான் கடையின் மாடிக்கூடம்தான் பிரசார அலுவலகம். விலைபோகாத பெரிய அலமாரி ஒன்று மூலையில் இன்னும் நின்றது. அதன் கண்ணாடியில் உள்ளே வருகிற எல்லாரும் தங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டு, தலையைக் கோதிக்கொண்டு, அதன் பிறகுதான் நாட்டைத் திருத்த உட்கார்ந்தார்கள். நீள மேசைகள், துண்டுப் பிரசுரக் கட்டுகள், யார் யார் வீட்டிலிருந்தோ வந்த இரண்டு கணினிகள். வேட்பாளர் அதே கீழ்த்தெருவில், அடுத்த கட்டடத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாள். கட்சி கிட்சி எதுவும் கிடையாது. மேட்டுத் தெருக்களுக்குப் போய்க்கொண்டிருந்த பேருந்தை நகரசபை நிறுத்தியதிலிருந்து, மருந்து வாங்க இறங்கி வருகிறவர்கள் கல்லாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பார்த்து, "இவங்களுக்கு மருந்து வேணாம், பஸ்ஸு வேணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், ஒருநாள் போய்த் தேர்தலுக்கு வேட்புமனுவே போட்டுவிட்டார்.

மருந்துக்கடைக்கு மேலே பல் மருத்துவமனை. அங்கே வரவேற்பு மேசையில் இருந்தவள்தான் பல்லக்கா. 'பல் டாக்டர்கிட்ட இருக்கிற அக்கா' என்பது வாய்க்கு வாய் தேய்ந்து அப்படியாகியிருந்தது. "பல்லக்குல போகவேண்டியவளைப் பல்லக்கான்னு கூப்பிடுறாங்களே" என்று அவள் அண்ணன் கிண்டல் செய்வார். காலையும் மாலையும் மருத்துவமனை, நடுவில் மதியம் முழுக்க ஓய்வு. மருந்துக்கடையம்மா ஒரு வார்த்தை கேட்டதும் சரி என்றாள். நாற்பத்தாறு வயதில் மதியம் என்பது மிக நீளமான பொழுது. அவளுக்குக் கல்யாணம் கைகூடவில்லை. வந்த இடங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின, பிறகு இடங்கள் வருவது நின்றது, பிறகு அதைப் பற்றிய பேச்சும் நின்றது. ஓடாத கடிகாரத்தை வீட்டில் யாரும் கொஞ்ச நாளில் ஏறெடுத்துப் பார்க்காமல் போவது போல. அண்ணன் வீட்டில் அவளுக்கென்று ஒரு அறை இருந்தது, மரியாதை இருந்தது, குறை என்று சொல்ல ஒன்றுமில்லை.

வேன்காரர் ரொட்டித் தொழிற்சாலையின் வேனை ஓட்டுகிறவர். விடிவதற்குள் கடை கடையாக ரொட்டியை இறக்கிவிட்டு வந்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. மனைவி தவறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் தூரத்து நகரத்தில். "நீங்க அங்க ஒத்தையில என்னப்பா பண்றீங்க, கிளம்பி வாங்க" என்று அவள் போனில் கூப்பிடும்போதெல்லாம், "தேர்தல் முடியட்டும்மா" என்பார். மேட்டுத் தெருக்களில் வீடு வீடாகப் போகும் வேலை அவருடையது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். வீட்டு எண், ஓட்டு எத்தனை, தொலைபேசி, பிறகு ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண். ஒன்று என்றால் நம் பக்கம், இரண்டு என்றால் அநேகமாக, மூன்று என்றால் இன்னும் முடிவு செய்யவில்லை, நான்கு என்றால் எதிர்ப்பக்கம், ஐந்து என்றால் கதவு பூட்டியிருந்தது. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். மற்றவர்கள் அதைக் காலியாக விடுவார்கள், மிஞ்சிப்போனால் 'நாய் உண்டு' என்று எழுதுவார்கள். வேன்காரர் அந்தக் கட்டம் நிறைந்து, பக்கவாட்டில் ஏறி, காகிதத்தின் பின்பக்கம்வரை எழுதுவார். அவருடைய கையெழுத்தோ கோழி கிளறியது. மருந்துக்கடையம்மாவின் தம்பிதான் இந்தத் தகவல் வேலைக்கெல்லாம் பொறுப்பு. எல்லாரும் அவனைத் தம்பி என்றே கூப்பிட்டார்கள். அவன் அந்தக் காகிதங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணே, இதை நீங்களே பக்கத்துல உக்காந்து படிங்க. அக்கா அடிக்கட்டும். வேற வழியில்ல."

அப்படித்தான் அது தொடங்கியது. அவர் படிப்பார், அவள் அடிப்பாள்.

"இந்த வீட்டுல மணி அடிக்கக் கூடாது. குழந்தை பகல்லதான் தூங்குது. ஜன்னலைத் தட்டணும்."

"பெரியவர் ஓட்டைப் பத்திப் பேசவே இல்ல. மகன் பேசறதில்லன்னு சொன்னார். மறுபடியும் போகணும், ஓட்டுக்காக இல்ல."

"புருஷன் நாலு, பொண்டாட்டி ஒண்ணு. அவருக்குத் தெரியக் கூடாதாம். வாசல் கேட் வரைக்கும் வந்து காதோட சொல்லிட்டுப் போச்சு அந்தப் பொண்ணு."

"இவருக்கு வேலை போயிடுச்சு. வீட்டுல சொல்லல. காலைல டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டுக் கிளம்பி வந்து பார்க்குல உக்கார்றார். அங்கதான் பாத்தேன்."

அவள் பிறந்ததும் வளர்ந்ததும் இதே ஊர்தான். ஆனாலும் அந்த மேட்டுத் தெருக்கள் அவளுக்கு அண்ணாந்து பார்த்த விளக்குகள் மட்டுமே. இப்போது அந்த விளக்குகளுக்குக் கீழே ஆட்கள் வந்து நின்றார்கள். ஆட்களைவிட, அவர்கள் முன்னால் கையில் அட்டையோடு நின்று அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்த மனிதர்தான் அவளுக்கு அதிகம் தெரிந்தார். யார் கையில் நுரை, எந்தக் குழந்தை எப்போது தூங்கும் என்று பார்க்கிற கண். தன்னை யாராவது இப்படிப் பார்த்து ஒரு வரியாவது எழுதியிருப்பார்களா என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்புக்கே வெட்கப்பட்டு, வேகமாக அடித்தாள், தப்பாக அடித்தாள், அழித்து மறுபடி அடித்தாள். அவர் சட்டையில் ரொட்டி வாசனை இருக்கும். படிக்கும்போது ஒரு விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டே போவார், பள்ளிக்கூடப் பையனைப் போல. மதியம் மருத்துவமனைக் கதவைப் பூட்டியதும் அவள் கால் இப்போதெல்லாம் வீட்டுப் பக்கம் திரும்புவதே இல்லை. சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். அவர் பாதி ரொட்டியைப் பிய்த்து அவள் டப்பா மூடியில் வைப்பார். வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை.

தேர்தல் நெருங்க நெருங்க மற்றவர்களெல்லாம் பரபரத்தார்கள். அவள் மிச்சத் தெருக்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நிரப்பவேண்டிய தெருக்கள் குறைந்துகொண்டே வந்தன. ஐந்து போட்ட வீடுகளுக்கு மறுபடியும் போய்ப் பார்க்கலாமே என்று அவளே தம்பியிடம் யோசனை சொன்னாள். "அக்காவுக்கு எவ்வளவு அக்கறை!" என்று அவன் எல்லார் முன்னாலும் பாராட்டினான். அவள் அலமாரிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துண்டுப் பிரசுரம் மடிக்க அண்ணியும் வந்திருந்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், எதையோ விலை விசாரிக்கிறவள் போலக் கேட்டாள். "அங்க எல்லாரும் அந்த வேன்காரரை அண்ணே அண்ணேங்கறாங்க. அவரைவிடப் பெரியவங்ககூட அண்ணேங்கறாங்க. நீ மட்டும் ஏன் 'இங்க பாருங்க', 'இந்தாங்க'ன்னு சுத்தி வளைக்கிற?"

"அப்படியா? நான் கவனிக்கலையே அண்ணி."

"நான் கவனிச்சேன்" என்றாள் அண்ணி. கொஞ்சதூரம் நடந்தபிறகு, "தப்புன்னு சொல்லல" என்றும் சொன்னாள்.

அவரும் அவளை அக்கா என்றோ தங்கச்சி என்றோ கூப்பிட்டதில்லை என்பது அன்றைக்குப் படுக்கையில் புரண்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் எழுந்து போனை எடுத்தாள். கோப்பின் பிரதி ஒன்றை அதில் வைத்திருந்தாள். எதற்கென்று இதுவரை யாரும் கேட்கவில்லை. எண்களையெல்லாம் தள்ளிவிட்டுக் கடைசிக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படிப்பாள். அவர் குரலிலேயே கேட்கும்.

வாக்குப்பதிவுக்கு முந்திய வாரம் தம்பி அவளைத் தனியாக அழைத்தான். போட்டியில் இன்னொரு சுயேச்சையும் இருந்தார், வீடு மனை வாங்கி விற்கும் தரகர். அவர் நமக்காக விலகி, தன் ஆட்களை நமக்கே ஓட்டுப் போடச் சொல்லத் தயார் என்றான். அவருக்கு விழவேண்டிய ஓட்டு நமக்கு வந்துவிட்டால் தன் அக்கா ஜெயித்த மாதிரிதான். அவர் கேட்பது ஒன்றே ஒன்று, இந்தக் கோப்பு.

"எண்ணெல்லாம் அவருக்கு எதுக்கு?"

"எண் யாருக்குக்கா வேணும்? குறிப்புதான் வேணுமாம். யாருக்கு வேலை போச்சு, யாரு தனியா இருக்காங்க, எந்த வீட்டுல புருஷன் பொண்டாட்டி ஒத்துப்போகல, யாரு வித்துட்டுப் போற நிலைமைல இருக்காங்க… அவர் தொழிலுக்கு அதுதானே மூலதனம்." சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "எனக்கும் பிடிக்கலதான். ஆனா தோத்துட்டா பஸ்ஸு வராது. அதையும் யோசிங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு பிரதி போட்டுக் குடுத்துடுங்க."

"மருந்துக்கடையம்மாவுக்குத் தெரியுமா?"

"ஜெயிச்சப்புறம் சொல்லிக்கலாம்."

அவன் கெட்டவன் இல்லை. தன் அக்காவுக்காக வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, தூக்கம் கெட்டு, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் நின்றான். அதனால்தான் அவளால் சட்டென்று கோபப்படவும் முடியவில்லை.

மறுநாள் மதியம் வேன்காரர் காகிதக்கட்டோடு வந்து உட்கார்ந்ததும் அவள் சொல்லிவிட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"ஒவ்வொரு வீட்டுலயும் 'இது வெளிய போகாது'ன்னு சொல்லிட்டுத்தான் எழுதினேன்" என்றார். "வாக்கு கேக்கப் போன இடத்துல எல்லாம் வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

"இப்ப என்ன செய்யலாம்?"

"அழிச்சிடுங்க."

"எல்லாத்தையுமா?"

"எண்ணு இருக்கட்டும். அது தேர்தல் கணக்கு. நான் எழுதினதை மட்டும்."

அவள் அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழ்வரை தேர்ந்தெடுத்தாள். திரையில் நீலமாக ஒரு பட்டை விழுந்தது. நுரையும், தூங்குகிற குழந்தையும், பூங்காவில் உட்காரும் மனிதரும் நீலத்துக்குள் நின்றார்கள். ஒரு விசைதான். அழுத்தினாள். கட்டங்கள் பளிச்சென்று காலியாயின. குடிபோன வீட்டுச் சுவரைப் போல.

"வேற எங்கயாவது இருக்கா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. மிக நல்ல கணம் அது. யாருக்கும் தெரியப்போவதில்லை, யாருக்கும் கெடுதலும் இல்லை.

"என் போன்ல இருக்கு."

"எதுக்கு?"

மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அவர் காகிதக்கட்டைத் தட்டிச் சீராக்கினார், ஏற்கெனவே சீராக இருந்ததை. அவருக்குப் புரிந்ததா, புரியாதது போல இருந்தாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் போனை எடுத்து மேசைமேல் அவருக்குத் தெரிகிற மாதிரி வைத்து, கோப்பைத் தொட்டு, நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்டதற்கு ஆம் என்றாள். அது மறுபடியும் கேட்டது. மறுபடியும் ஆம் என்றாள்.

"அதுல படிக்க என்னங்க இருந்தது" என்றார் அவர் மெதுவாக. கேள்வியா அது, தனக்குத்தானே சொல்லிக்கொண்டதா, தெரியவில்லை. காகிதங்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். தொழிற்சாலை அடுப்பில் போட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார்.

விஷயம் அன்றைக்கே வெடித்தது. தம்பி கத்தினான். சத்தம் கேட்டு மாடியேறி வந்த மருந்துக்கடையம்மா எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என் கடைக்கு யார் எந்த மாத்திரைக்கு வர்றாங்கன்னு நான் என்னைக்காவது வெளிய சொல்லியிருக்கேனாடா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பல்லக்காவின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுக் கடைக்கு இறங்கிப் போனார். தரகர் விலகவில்லை.

அவர்கள் தோற்றார்கள். தரகர் பிரித்த ஓட்டு வந்திருந்தால் ஜெயித்திருக்கலாம் என்கிற அளவுக்குத்தான் தோற்றார்கள். அது இன்னும் வலித்தது. முடிவு வந்த அன்று மேட்டுத் தெருவிலிருந்து ஒரு கிழவர் கைத்தடியோடு இறங்கி வந்து, "பரவாயில்லம்மா, நடந்தா உடம்புக்கு நல்லதுதான்" என்று மருந்துக்கடையம்மாவிடம் சொல்லிவிட்டு, திரும்ப ஏறமுடியாமல் கடை வாசலிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பல்லக்கா மேலே மருத்துவமனை ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சரியைச் செய்துவிட்டு இப்படி ஜன்னலில் நின்று பார்க்கவேண்டியிருக்கும் என்றுதான் யாரும் சொல்லித்தரவில்லை.

கூடத்தைக் காலி செய்த நாள் வேன்காரர்தான் மேசைகளை ஏற்றிக்கொண்டு போனார். கடைசிச் சுமையை வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டார்.

"மக டிக்கெட்டு போடறேன்னு சொல்றா."

"நல்லதுதானே. பேரன் பேத்தியோட இருக்கலாம்."

"ஆமா. இருக்கலாம்."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. இருவரும் அது வளைவில் திரும்பும்வரை அதையே பார்த்தார்கள். போய்விட்டு வருகிறேன் என்று சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். போகிறவர்கள் எல்லாரும் சொல்வதுதானே, பொய்யாகவாவது. "சரி, அப்ப" என்றார் அவர். வண்டியில் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு மதியங்கள் பழையபடி நீண்டன. அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள். அண்ணி எதுவும் கேட்காமல் இரண்டு முறை கூடுதலாகப் பரிமாறினாள். விடியற்காலையில் எங்கேயாவது வேன் சத்தம் கேட்டால் விழிப்பு வந்துவிடும். ஊரில் வேன்களுக்கா பஞ்சம், என்று தன்னையே அதட்டிக்கொண்டு, திரும்பிப் படுத்து, விடியும்வரை விழித்திருப்பாள். அவருடைய தொலைபேசி எண் அவளுக்கு மனப்பாடம். ஒருமுறைகூட அழைக்கவில்லை. அழைத்து என்ன கேட்பது? எந்த வீட்டு எண்ணைச் சொல்லிக் கேட்பது?

மழைக்கு முன்னால் வரும் புழுக்கமான ஒரு சாயங்காலம். கடைசி நோயாளியும் போய், டாக்டர் கை கழுவப் போனபோது மருத்துவமனைக் கதவு திறந்தது. வேன்காரர் ஒரு பக்கக் கன்னம் வீங்கி, அதைக் கையால் தாங்கிக்கொண்டு நின்றார்.

அவள் எழுந்துவிட்டாள். ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"அங்க வைத்தியத்துக்கு ரொம்பச் செலவாகுமாம். கிளம்பறதுக்கு முன்னாடி இதைப் பிடுங்கிட்டு வந்துடுங்கன்னு மக சொல்லிட்டா" என்றார், வாயைப் பாதி திறந்து.

"எப்பக் கிளம்பறீங்க?"

"அடுத்த வாரம்."

அவள் அட்டை எழுதினாள். பெயர், வயது, முகவரி எதையும் கேட்கவில்லை. அவள் கேட்பாள் என்று அவர் காத்திருந்து, கேட்காமலே அவள் பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கொஞ்ச நேரம்தான் ஆனது. டாக்டர் அவரைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தார். "பஞ்சை இறுக்கிக் கடிச்சிக்கங்க. துப்பக் கூடாது, பேசக் கூடாது. மரப்பு இறங்கக் கொஞ்ச நேரமாகும். அக்கா, ரத்தம் நின்னப்புறம் பாத்து அனுப்பிட்டுப் பூட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

வேன்காரர் ஏதோ சொல்லப்போனார். 'ம்' என்ற ஒலிதான் வந்தது.

"பேசக் கூடாதுன்னாரே" என்றாள்.

அவர் அடங்கினார். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். இத்தனை வருடத்தில் அந்தப் பெஞ்சில் அவள் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது.

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கையில் கிடைத்ததைச் சொன்னாள். அண்ணியின் முழங்கால் வலியைச் சொன்னாள். மருந்துக்கடையம்மா நகரசபை வாசலில் போய் நின்று மேட்டுத் தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பதை, தம்பியும் ஒரு சனிக்கிழமை வந்து கூடவே நின்றதைச் சொன்னாள். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் வாயைத் திறக்கத்தான் வருகிறார்கள், ஆனால் யாரும் தன்னோடு பேசுவதில்லை என்று சொன்னாள். அதைச் சொல்ல நினைக்கவில்லை, வந்துவிட்டது. சொல்லச் சொல்லக் குரல் தன்னுடையதாக இல்லாமல், பிறகு மெல்ல மெல்லத் தன்னுடையதாகவே ஆனது. மதியங்களைப் பற்றிச் சொன்னாள். அவர் ஒருமுறைகூடத் தலையை ஆட்டவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, கதவு முன்னால் நின்று கேட்கிறவர் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கவனித்தாள். அவர் உதட்டோரத்திலிருந்து எச்சிலும் ரத்தமுமாக மெல்லிய இழை ஒன்று கசிந்து தாடையை நோக்கி இறங்கியது. அவருக்கு அது தெரியவில்லை. அந்தப் பக்கம் முழுக்க மரத்துக் கிடந்தது.

பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு பஞ்சுத் துண்டை எடுத்துக்கொண்டு நடுவில் இருந்த இடத்தைக் கடந்து நகர்ந்தாள். துடைத்தாள். பஞ்சு நனைந்து விரல்கள் கன்னத்தில் பட்டன. சவரம் செய்யாத கன்னம், வீக்கத்தின் சூடு. அவர் கண் சுவரிலேயே இருந்தது. தொட்டதை அவர் அறியவில்லை. இப்போது கையை எடுத்துவிட்டால் தொட்டதாகவே ஆகாது.

வெளியே முதல் துளிகள் தகரக் கூரையில் விழ ஆரம்பித்தன. கீழே மருந்துக்கடையில் ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம் கேட்டது. மரப்பு உதட்டிலிருந்துதான் முதலில் விலகும், பிறகு தாடை, பிறகு கன்னம். கொஞ்சம் கொஞ்சமாக, எறும்பு ஊர்வது போல உணர்ச்சி திரும்பி வரும். எத்தனையோ பேருக்கு அவள் இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

அவள் கையை எடுக்கவில்லை.